இன்ஜின் காற்று இழுக்கிறதா? பார்த்துவிட்டுப் பிஸ்டன் போடுங்கள்



2018-ஆம் வருஷம் நவம்பர் 16-ஆம் தேதி, நடுநிசி தாண்டிய நேரத்தில், கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை ஏறியது. விடிந்து பார்த்தால் தென்னந்தோப்பெல்லாம் தரையில் கிடந்தது. வீட்டு வாசலிலும் ரோட்டிலும் விழுந்த மரத்தை அப்புறப்படுத்த அரிவாளும் கோடாலியும் போதவில்லை. அப்போது பல கிராமங்களில் பெட்ரோலில் ஓடும் சங்கிலி ரம்பம் இறங்கி வேலை செய்தது. "மரம் அறுக்கிற மெஷின்" என்று நாம் சொல்கிறோமே, அதுதான். அதன் பயனைக் கண்ணால் கண்ட பிறகு, தென்னை, சவுக்கு, தைலமரம் வைத்திருக்கிறவர்களில் பலர் சொந்தமாகவே ஒன்று வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

வாங்கியது சரி. ஆனால் "நல்லா ஓடிக்கிட்டு இருந்துச்சு, திடீர்னு பிடிச்சுக்கிட்டு நின்னுடுச்சு" என்று சொல்லிக்கொண்டு ரம்பத்தைப் பட்டறைக்குத் தூக்கி வருகிறவர்களுக்குக் குறைவில்லை. கழற்றிப் பார்த்தால் பிஸ்டன் முழுக்கக் கீறல். புதுப் பிஸ்டன், புதுச் சிலிண்டர் என்று ஆயிரக்கணக்கில் செலவு. அதைப் போட்ட கொஞ்ச நாளில் மறுபடியும் அதே கதை. இது ஏன் நடக்கிறது, பத்து நிமிஷச் சோதனையில் இதை எப்படித் தடுக்கலாம் என்பதைத்தான் இன்றைக்குச் சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில் நான் செய்த ஒரு தவறைச் சொல்லிவிடுகிறேன். நான் சின்ன இன்ஜின்கள் பழுது பார்க்கிறவன். கடலோரத்தில் சவுக்கு போட்டிருக்கும் பெரியவர் ஒருவர், ரம்பம் ஜாம் ஆகிவிட்டது என்று கொண்டுவந்தார். புதுப் பிஸ்டன், ரிங், சிலிண்டர் எல்லாம் போட்டு, ஓட்டிக் காட்டிக் கொடுத்து அனுப்பினேன். பதினேழாம் நாள் திரும்ப வந்து நின்றார்.

"தம்பி, நீ போட்ட பிஸ்டன் ரெண்டு வாரம்தான் தாங்குச்சு."

"ஐயா, எண்ணெய் கலக்காம பெட்ரோலை ஊத்திட்டீங்களா?" என்று கேட்டேன்.

பெரியவர் பதில் பேசவில்லை. பையிலிருந்து ஒரு சின்ன அளவுக் குப்பியை எடுத்து என் முன்னால் வைத்தார். "லிட்டருக்கு இருபது மில்லி. பூச்சி மருந்து மாதிரி அளந்துதான் ஊத்துறேன். இன்னும் என்ன பண்ணணும், சொல்லு" என்றார்.

குற்றம் அவர் மேல் இல்லை, என் மேல்தான். பிஸ்டன் கெட்டது தெரிந்தது. அது ஏன் கெட்டது என்று நான் பார்க்கவில்லை.

கொல்லன் துருத்தி மாதிரி

இந்த ரம்பத்தில் இருப்பது டூ-ஸ்ட்ரோக் இன்ஜின். பெட்ரோலையும் எண்ணெயையும் கலந்து ஊற்றுகிறோமே, அந்த ஜாதி. இதன் அடிவயிற்றுக்குக் கிராங்க் கேஸ் என்று பெயர். மற்ற இன்ஜின்களில் அது எண்ணெய் கிடக்கிற தொட்டி. இதிலே அதுதான் மூச்சுப் பை.

கொல்லன் பட்டறைத் துருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். பிஸ்டன் மேலே போகும்போது கீழே கிராங்க் கேஸில் வெற்றிடம் உண்டாகிறது. அந்த இழுப்பில்தான் கார்ப்பரேட்டரிலிருந்து பெட்ரோலும் எண்ணெயும் காற்றும் கலந்த புகை உள்ளே வருகிறது. பிஸ்டன் கீழே இறங்கும்போது அந்தப் புகை அமுங்கி, பக்கத்து வழிகளில் ஏறி, மேலே சிலிண்டருக்குப் போகிறது. ஒரு சுற்றுக்கு ஒரு இழுப்பு, ஒரு அழுத்தம். நிமிஷத்துக்கு 12,000 சுற்று ஓடுகிற ரம்பத்தில் இது வினாடிக்கு 200 தடவை நடக்கிறது!

துருத்தித் தோலில் ஒரு ஓட்டை இருந்தால் என்ன ஆகும்? ஊதுகிற காற்று குறையும், அவ்வளவுதான். இன்ஜினில் ஓட்டை இருந்தால் அதைவிட மோசம். ஒவ்வொரு இழுப்பிலும் கார்ப்பரேட்டர் வழியாக வர வேண்டிய கலவையோடு, அந்த ஓட்டை வழியாக வெறுங்காற்றும் உள்ளே போகிறது. கலவை மெலிந்துபோகும். மெலிந்த கலவையில் இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகும். அது மட்டுமில்லை. இந்த இன்ஜினுக்கு எண்ணெய் வருவதே பெட்ரோலோடு சேர்ந்துதான். பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறைந்தது என்று அர்த்தம். சூடு கூடுகிறது, எண்ணெய் குறைகிறது. பிஸ்டன் விரிந்து சிலிண்டரைப் பிடித்துக்கொள்கிறது. நீங்கள் எவ்வளவு சரியாக அளந்து ஊற்றினாலும் இதுதான் கதி.

எப்படித் தெரிந்துகொள்வது?

காற்று இழுக்கிற இன்ஜின் முன்கூட்டியே சொல்லிவிடும். நாம்தான் காது கொடுக்க வேண்டும்.

ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் வேகம் உடனே இறங்காமல் கத்திக்கொண்டே நிற்கும். ஸ்லோவில் ஒரு நிலையில் நிற்காமல் ஏறி இறங்கும். ரம்பத்தை இந்தப் பக்கம் சாய்த்தால் ஒரு சத்தம், அந்தப் பக்கம் சாய்த்தால் வேறு சத்தம் வரும். கார்ப்பரேட்டர் திருகை இன்றைக்குச் சரி செய்தால் நாளைக்கு மாறியிருக்கும். பட்டறைக்காரர் திருகைத் திறந்து பெட்ரோலைக் கூட்டி வைப்பார். நாலு நாள் அடங்கியது போல இருக்கும். ஆனால் ஓட்டை அப்படியே இருக்கிறது, பெரிதாகிக்கொண்டும் இருக்கிறது.

இதில் உயிர் விஷயமும் ஒன்று உண்டு. ஸ்லோவில் சங்கிலி அசையாமல் நிற்க வேண்டும். காற்று இழுத்து வேகம் கூடிவிட்டால், நீங்கள் ஆக்ஸிலேட்டரைத் தொடாமலே சங்கிலி சுற்றும். அப்படிப்பட்ட ரம்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு விழுந்த மரத்தின் மேல் ஏறி நடக்கிறவர், தன் காலை அதனிடம் ஒப்படைத்துவிட்டார் என்றுதான் சொல்வேன். அந்த ரம்பத்தை உடனே நிறுத்திவிடுங்கள்.

இந்த அடையாளங்களில் சில, டேங்குக்குள் இருக்கிற பெட்ரோல் ஃபில்டர் அடைத்தாலும் வரும், பெட்ரோல் குழாய் வெடித்தாலும் வரும். அதனால் முதலில் அந்த இரண்டையும் பார்த்துவிடுங்கள். அவை சரியாக இருந்தும் கோளாறு தீரவில்லை என்றால் காற்றுச் சோதனைக்கு வரலாம்.

என்னென்ன வேண்டும்?

கையால் அமுக்குகிற சின்ன பம்பு ஒன்று, அதில் முள் காட்டுகிற மீட்டர் ஒன்று. கார் மெக்கானிக்குகள் வைத்திருக்கும் கைப் பம்புகளில், ஒரு பக்கம் காற்று அடிக்கவும் மறுபக்கம் காற்றை இழுக்கவும் வசதி உள்ளது கிடைக்கும். அதுதான் சிறந்தது.

அது இல்லையா? டாக்டர் இரத்த அழுத்தம் பார்க்கிற கருவியில் ஒரு ரப்பர் பந்தும் வட்ட மீட்டரும் இருக்கிறதல்லவா, அது பழையதாக ஒன்று இருந்தால் காற்று அடித்துப் பார்க்க உதவும். அதில் 300 வரை போகலாம். அது ஏறக்குறைய 0.4 பார். ஆனால் அதைக் கொண்டு காற்றை இழுத்துப் பார்க்க முடியாது. அதற்கு வேறு பம்புதான் வேண்டும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். பஞ்சர் கடைக் கம்ப்ரஸரில் கொண்டுபோய்க் காற்று பிடிக்காதீர்கள். நமக்கு வேண்டியது 0.5 பார், அதாவது சுமார் 7 பவுண்டுதான். கார் டயருக்கு அடிப்பதில் நாலில் ஒரு பங்கு. அதிகம் அடித்தால் நன்றாக இருக்கிற ஆயில் சீலும் பிதுங்கிவிடும்.

இவை தவிர, பழைய லாரி ட்யூப் துண்டு, ஒரு சின்னத் தகடு, சோப்புத் தண்ணீர், ஒரு பிரஷ். அவ்வளவுதான்.

தயார் செய்வது

இன்ஜின் ஆறியிருக்கட்டும். ப்ளக் வயரைக் கழற்றிவிடுங்கள். சங்கிலியையும் எடுத்துவிடுங்கள். பக்கத்தில் பீடி, அடுப்பு எதுவும் கூடாது.

சைலென்சரைக் கழற்றி, அது உட்காருகிற இடத்தில் ட்யூப் ரப்பரை வெட்டி வைத்து, ரப்பருக்குப் பின்னால் தகட்டைக் கொடுத்து, சைலென்சரை மறுபடி வைத்து இறுக்குங்கள். புகை வெளியே போகும் வாசல் அடைபட்டது.

அடுத்து கார்ப்பரேட்டரைக் கழற்றுங்கள். அதற்கும் சிலிண்டருக்கும் நடுவே ஒரு ரப்பர் கழுத்து இருக்கும். பம்புக் குழாயை ஒரு மூடி வைத்து அந்தக் கழுத்தில் காற்றுப் புகாமல் பொருத்துங்கள். சில ரம்பங்களில் கிராங்க் கேஸிலிருந்து கார்ப்பரேட்டருக்கு ஒரு மெல்லிய குழாய் தனியாகப் போகும். இன்ஜினின் துடிப்பை எடுத்துப் போய்ப் பெட்ரோலை இழுக்கிற குழாய் அது. அதன் வாயையும் அடைக்க மறக்காதீர்கள். ப்ளக் அதன் இடத்திலேயே இறுக்கமாக இருக்கட்டும்.

இப்போது கிராங்கைக் கையால் திருப்பி, பிஸ்டனை மேல் கோடிக்குக் கொண்டுவாருங்கள். அப்போதுதான் கழுத்து வழியாக அடிக்கிற காற்று தடையில்லாமல் கிராங்க் கேஸுக்குப் போகும்.

இன்னொன்று. பம்பும் குழாயும் ஒழுங்காக இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். குழாய் வாயை விரலால் அடைத்து அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அளவுப் படியே பொத்தலாக இருந்தால் நெல்லைக் குறை சொல்லி என்ன பயன்?

முதல் சோதனை: காற்று அடிப்பது

மெதுவாக 0.5 பார் வரை அடியுங்கள். நிறுத்திவிட்டு இருபது வினாடி எண்ணுங்கள். முள் அசையாமல் நின்றால் நல்லது. பிறகு கிராங்கை மெல்ல அரைச் சுற்றுத் திருப்பிப் பிஸ்டனைக் கீழே இறக்கி, மறுபடி பாருங்கள். இப்போது காற்று மேலே சிலிண்டருக்கும் போகும். ப்ளக் உட்காருமிடம், ஸ்டார்ட் செய்ய எளிதாக இருப்பதற்காகச் சில ரம்பங்களில் வைத்திருக்கும் அழுத்தக் குறைப்பு வால்வு, இவையும் சோதனைக்குள் வந்துவிடும்.

முள் இறங்கினால், சோப்புத் தண்ணீரைப் பிரஷில் தொட்டு ஒவ்வோர் இடமாகத் தடவுங்கள். சைக்கிள் ட்யூப் பஞ்சரைத் தண்ணீரில் முக்கிப் பார்க்கிற மாதிரிதான். குமிழி வருகிற இடம் ஓட்டை. முதலில் நாம் வைத்த ரப்பரிலும் மூடியிலும் தடவுங்கள். பல தடவை கசிவு அங்கேதான் இருக்கும், இன்ஜினில் இருக்காது. பிறகு சிலிண்டர் அடிப் பேக்கிங், கிராங்க் கேஸின் இரண்டு பாதி சேருகிற இடம், ரப்பர் கழுத்து என்று வரிசையாகப் பாருங்கள். ரப்பர் கழுத்தைக் கொஞ்சம் வளைத்தும் இழுத்தும் பாருங்கள். சும்மா இருக்கும்போது மூடிக்கிடக்கும் வெடிப்பு, வளைத்தால்தான் வாய் திறக்கும்.

எங்குமே குமிழி இல்லை, முள் மட்டும் இறங்குகிறது என்றால், ஃப்ளைவீலையும் கிளட்சையும் கழற்றினால்தான் அவற்றின் பின்னால் இருக்கும் ஆயில் சீல் இரண்டும் கண்ணில் படும். பெரும்பாலான ரம்பங்களில் கிளட்ச் எதிர் மரை. வழக்கமாகக் கழற்றுகிற பக்கம் பலத்தைக் காட்டினால் இன்னும் இறுகும், உடைந்தாலும் உடையும். ஜாக்கிரதை.

இரண்டாவது சோதனை: காற்றை இழுப்பது

பெரியவரின் ரம்பத்துக்கு வருகிறேன். காற்று அடித்துப் பார்த்தேன். முள் கல் போல நின்றது. "ஓட்டையே இல்லையே" என்று மூடப்போனேன். ஏதோ ஒரு நினைப்பில் குழாயை மாற்றிப் போட்டு, காற்றை இழுத்துப் பார்த்தேன். கை எடுப்பதற்குள் முள் பூஜ்யத்துக்கு வந்துவிட்டது!

இது எப்படி? கிணற்று மோட்டாரை நினைத்துப் பாருங்கள். உறிஞ்சு குழாயில் ஊசி முனை ஓட்டை இருந்தால், மோட்டார் ஓடும்போது ஒரு சொட்டுத் தண்ணீர் வெளியே வராது. ஆனால் காற்று உள்ளே போகும். மோட்டார் தண்ணீர் எடுக்காது. வெளியே தள்ளிப் பார்ப்பது வேறு, உள்ளே இழுத்துப் பார்ப்பது வேறு.

ஆயில் சீலின் உதடு உள்பக்கம் பார்த்து இருக்கிறது. உள்ளே காற்று அடித்தால், அந்த அழுத்தமே உதட்டைத் தண்டின் மேல் அமுக்கி மூடிவிடும். அதனால் தேய்ந்த சீலும் நல்ல சீல் மாதிரி நடிக்கும். காற்றை இழுத்தால் உதட்டை அமுக்க ஆளில்லை. அது தண்டை விட்டு எழும்பிவிடும். வெளிக்காற்று உள்ளே போகும். இன்ஜின் ஓடும்போது கெடுதல் நடப்பதும் இந்த இழுப்பில்தான். ஆகவே இரண்டில் ஒன்றை மட்டும் பார்த்தால் பாதிச் சோதனைதான்.

பிஸ்டனை மறுபடி மேலே வைத்து, 0.5 பார் வரை இழுங்கள். இருபது வினாடிக்குப் பிறகு முள் 0.3-க்குக் கீழே போகாமல் இருந்தால் சீல்கள் நல்ல நிலையில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் ரம்பத்தின் புத்தகத்தில் வேறு அளவு கொடுத்திருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

இழுப்பு நிற்கவில்லையா? இங்கே சோப்புக் குமிழி உதவாது, காற்று உள்ளே அல்லவா போகிறது! கெட்டி எண்ணெயைச் சந்தேகப்படுகிற சீலைச் சுற்றி விட்டு, மறுபடி இழுத்துப் பாருங்கள். எண்ணெய் அந்த வழியைக் கொஞ்ச நேரம் அடைக்கும். முள் நின்றால் அந்தச் சீல்தான் குற்றவாளி. பெரியவரின் ரம்பத்தில் ஃப்ளைவீல் பக்கத்துச் சீல். மோதிரம் மாதிரி ஒரு ரப்பர் வளையம், பிஸ்டன் சிலிண்டர் விலையில் சிறு துளி. அதை விட்டுவிட்டு இரண்டு பிஸ்டனைத் தின்னக் கொடுத்தோம்.

இன்ஜினை ஓடவிட்டு, சந்தேகமான இடத்தில் பெட்ரோலைத் தெளித்து, சத்தம் மாறுகிறதா என்று பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். சூடான சைலென்சருக்குப் பக்கத்தில் பெட்ரோல் தெளிப்பது தீயோடு விளையாடுவது. வேண்டாம்.

சரி செய்யும்போது

பழைய சீலை எடுக்கும்போது தண்டில் கீறல் விழக் கூடாது. புதுச் சீலின் உதட்டில் கொஞ்சம் கிரீஸ் தடவி, உதடு உள்பக்கம் பார்க்கும்படி வைத்து, சீல் அளவுக்குச் சரியான குழாய்த் துண்டு கொண்டு கோணாமல் தள்ளுங்கள். ஒரு பக்கச் சீல் தேய்ந்தால் மற்றதும் அதே வயதுதான். இரண்டையும் மாற்றிவிடுங்கள். அதற்கு முன் தண்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் போய்விட்டது. பேரிங்கை மாற்றாமல் சீல் மட்டும் போட்டால் நிலைக்காது. வெடித்த ரப்பர் கழுத்தையும் குழாயையும் பசை போட்டு ஒட்டிப் பயனில்லை. பெட்ரோல் அந்தப் பசையைக் கரைத்துவிடும். மாற்றத்தான் வேண்டும்.

எல்லாம் போட்ட பிறகு, ஓட்டிப் பார்க்கும் முன் இரண்டு சோதனையும் இன்னொரு தடவை செய்யுங்கள். அதன் பிறகு கார்ப்பரேட்டர் திருகைப் புத்தகத்தில் சொன்ன அளவுக்குக் கொண்டுவாருங்கள். ஓட்டையைச் சமாளிக்க முன்பு திறந்து வைத்த திருகு, ஓட்டை அடைபட்ட பிறகு பொருந்தாது.

இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பருக்கும் ஆகாது. மாதக்கணக்கில் ரம்பத்துக்கு வேலை இல்லை என்றால் டேங்கைக் காலி செய்து, கார்ப்பரேட்டரில் இருப்பதும் தீரும்வரை ஓட்டி நிறுத்தி வையுங்கள்.

இவ்வளவும் ரம்பத்துக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். முதுகில் மாட்டி மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயர், புல் வெட்டும் மெஷின், எதுவானாலும் பெட்ரோலோடு எண்ணெய் கலந்து ஊற்றுகிற டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் என்றால் இதே மூச்சுதான், இதே நோய்தான், இதே சோதனைதான்.

பட்டறையில் பிஸ்டன் மாற்றச் சொன்னால், பணம் கொடுக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "காற்று அடிச்சும் இழுத்தும் பார்த்தீங்களா?" அன்றைக்கு அந்தப் பெரியவருக்கு இந்தக் கேள்வி தெரிந்திருந்தால், ஒரு பிஸ்டன் மிச்சம். அந்த இரண்டாவது பிஸ்டன் செட்டின் விலையை நான்தான் ஏற்றுக்கொண்டேன். அதற்குப் பிறகு, சோதனை பார்க்காமல் ஒரு பிஸ்டனும் போட்டதில்லை. பெரியவர் அந்த ரம்பத்தை இன்னமும் வைத்திருக்கிறார். ஸ்லோவில் விட்டால் சங்கிலி அசையாமல் நிற்கிறது.